கூண்டுக் கதவில் ஈய முத்திரை

பறவைக் கூண்டு எதைக் கண்டாலும் என் பார்வை முதலில் பறவையின்மேல் போகாது. கதவின்மேல்தான் போகும். தாழ்ப்பாள் எந்த உலோகம், கம்பியில் பூச்சு உண்டா, உள்ளே தொங்கும் மணி எதனால் செய்தது என்று பார்த்துவிட்டுத்தான் இருப்பது கிளியா குருவியா என்று கவனிப்பேன். கடைக்காரர்கள் என்னை வாங்க வந்தவனாக மதிப்பதில்லை, குறை சொல்ல வந்தவன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் நினைப்பதும் தப்பில்லை. என் வாழ்நாளில் பாதியைக் குறை கண்டுபிடிப்பதில்தான் கழித்தேன், அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கினேன்.

முப்பதுகளின் கடைசிப் பகுதி. போருக்கென்று தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு முன், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சிறிய நிலையத்தில் நான் சரக்கு குமாஸ்தா. புளிக் கூடைகள், நிலக்கடலை மூட்டைகள், பருவத்தில் மாங்காய். சரக்குப் பெட்டியின் கதவைச் சாத்தி, வளையத்தில் கம்பியைக் கோத்து, அதன் இரு முனைகளையும் ஒரு சிறிய ஈய வில்லையின் துளைகளுக்குள் நுழைத்து, இடுக்கியால் ஒரே அமுக்கு அமுக்க வேண்டும். வில்லையில் நிலையத்தின் அடையாளம் பதிந்துவிடும். அதன் பிறகு அந்தக் கதவை எவன் திறந்தாலும் முத்திரை காட்டிக்கொடுக்கும். இந்த வேலையில் இருந்தவனுக்கு மனிதர்களை நம்பும் பழக்கம் வராது. எனக்கோ அது பிறவியிலேயே இல்லை. என் மனைவி ஊற்றிய பாலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அவள் அதியமான்கோட்டைக்காரி, வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன்.

இராயக்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறப் போனார்கள். பெட்டி படுக்கைகளோடு ஒரு கூண்டும் எங்கள் நிலையத்தில் இறங்கியது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பறவை. மஞ்சள் முகம், கன்னத்தில் செங்கல் நிறத்தில் வட்டமாக ஒரு பொட்டு, தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டை. இப்போது பறவைக் கடைகளில் காக்டீல் என்கிறார்கள். எங்களுக்கு அது கொண்டைக்கிளி. கப்பலில் கொண்டுபோக முடியாது என்று அந்த அம்மாள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுக்கப் பார்த்தாள். அவர் வீட்டில் ஏற்கெனவே நாலு பிள்ளைகள் போடுகிற சத்தம் போதும் என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

ஒரு டப்பா நிறைய தானியமும், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதிய ஒரு தாளும் கொடுத்தாள். சிறுதானியம், கீரை, முளைவிட்ட பயறு, அலகைத் தேய்த்துக்கொள்ள கடல் நுரை ஓடு கொடுக்கலாம். உப்பு, எண்ணெய்ப் பலகாரம், காப்பி, தேநீர் கூடவே கூடாது. ரயில் ஏறும்போது தனக்குத் தெரிந்த தமிழில் இன்னொன்றும் சொன்னாள்.

"இது தின்றது மட்டும் பார்க்காதே. கடிக்கிறதும் பார்."

தலையை ஆட்டினேன். கம்பியைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும் என்று சொல்கிறாள் போலும் என எடுத்துக்கொண்டேன். அந்தச் சொல்லை அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுதும் வேலையே எனக்கு இருந்திருக்காது.

பறவை வந்த வாரமே கார்டின் விசிலைக் கற்றுக்கொண்டது. வண்டி வருவதற்கு முன்பே எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்திலிருந்து விசில் கிளம்பும். ஒருநாள் கார்டு தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய், தான் ஊதாத விசிலுக்கு இன்ஜின் கிளம்பியதைக் கண்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. நான் எதையும் சட்டென்று நேசிக்கிறவன் இல்லை. ஆனால் அந்தப் பறவை பொய் சொல்லத் தெரியாத ஒன்று. கோபம் வந்தால் கொண்டையை விறைப்பாக நிமிர்த்தும், நிம்மதியாக இருந்தால் படிய வைத்துக்கொள்ளும். என்ன நினைக்கிறது என்று தலையிலேயே எழுதி வைத்திருக்கும் ஒரு ஜீவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை நேசித்தேன் என்று இப்போது வெட்கமில்லாமல் எழுதலாம்.

டப்பா தானியம் தீர்ந்ததும் காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். தினையைக் கையில் அள்ளி முகர்ந்தால் ஒரு கடையில் சிக்கு வாடை, இன்னொரு கடையில் பளபளப்புக்கு எண்ணெய் தடவியிருந்தான், மூன்றாவது கடையில் பாதி செம்மண். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சாமை வைத்திருந்தார்கள். நல்ல சாமைதான். ஆனால் இவ்வளவு நல்ல சாமையை எதற்கு இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்து, வாங்காமல் திரும்பிவிட்டேன். சந்தையே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

எங்கள் நிலையத்தில் ஒரு போர்ட்டர் இருந்தார். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு ஓட்டமாக ஓடிவந்து வேலையில் நிற்பார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இப்போது அவர் என்று எழுதுகிறேன், அப்போது நீ, வா, போ என்றுதான் சொல்வேன். பல வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த ஆண்டுதான் அவரை நிரந்தரமாக எடுப்பதாக மொரப்பூர் ஜங்ஷன் அலுவலகத்திலிருந்து பேச்சு அடிபட்டது. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டும், நிரந்தரமானால்தான் வரன் வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் அவர் சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன்.

நான் வெறும் கையோடு சந்தையிலிருந்து வந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"எங்க மச்சாங்காட்டுல தெனை நிக்குதுங்க. கதிரோடவே அறுத்தாரட்டுங்களா? குருவிங்க கதிருல கொத்தித் தின்னாத்தானுங்க அதுக்குப் புடிக்கும்."

மறுநாள் கொண்டுவந்தார். பூனை வால் மாதிரி தடித்த கதிர்கள். கொண்டைக்கிளி ஒரு காலால் கதிரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மணியாக உரித்து, உமியை என் மேலேயே துப்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்த அடுத்த நிமிஷமே, இவர் ஏன் இதைச் சும்மா கொடுக்கிறார் என்ற கேள்வியும் வந்தது. காசு கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். கேள்வி இன்னும் பெரிதாயிற்று.

நோய் வராமலிருக்க விதையை மயில்துத்த விஷத்தில் ஊறவைக்கச் சொல்லி விவசாய இலாகாக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. விதைக்கு வைத்ததில் மிச்சத்தைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் ஒரு விதி போட்டேன். கதிரோ கீரையோ, கொண்டுவருகிறவர் எனக்கு எதிரே ஒரு சிட்டிகை தன் வாயில் போட்டு மென்று விழுங்கிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் கூண்டுக்குள் போகும்.

முதல் நாள் இதைச் சொன்னதும் அவர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் நாலு மணியைத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.

"வறுத்து வெல்லம் போட்டுக் குடுத்தீங்கன்னா இன்னங் கொஞ்சம் திம்பனுங்க" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே போய்விட்டாள். அன்று பகல் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் தினந்தோறும் அந்தச் சடங்கு நடந்தது. பச்சை முருங்கைக்கீரையைக்கூட அவர் மென்று காட்டினார்.

ஒருநாள் மாலை கூண்டுக்குள் ஒரு துண்டு முறுக்கு கிடந்தது.

உப்பு, எண்ணெய், இரண்டும் ஒரே துண்டில். எனக்கு ரத்தம் கொதித்தது. மனைவியைக் கேட்டேன், தெரியாது என்றாள். ஸ்டேஷன் மாஸ்டரின் பிள்ளைகளைக் கேட்டேன், நாலும் நாலு திசையில் ஓடின. போர்ட்டரைக் கேட்டேன். "முறுக்கு வாங்கித் திங்கற நெலமையில நா இல்லீங்க" என்றார். அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

பெட்டிக்குப் போடுகிற முத்திரையைக் கூண்டுக்கும் போட்டால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. சரியாக அமுங்காமல் வீணாகிப்போன ஈய வில்லைகள் ஒரு டப்பாவில் கிடந்தன. அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன், இடுக்கி எப்போதும் என்னோடுதான் இருக்கும். காலையில் தீனி வைத்ததும் கதவைச் சாத்தி, கம்பி கோத்து, வில்லையைப் போட்டு அமுக்கிவிடுவேன். மாலையில் வந்து முத்திரையை உற்றுப் பார்த்துவிட்டு வெட்டித் திறப்பேன். எதற்காக இப்படிச் செய்கிறேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. சந்தேகப் பட்டியலில் அவள் பெயரும் இருந்ததே, எப்படிச் சொல்வேன்?

நாலைந்து நாள் எதுவுமில்லை. பிறகு ஒரு மாலை, வில்லையின் ஓரத்தில் மெல்லிய கீறல் ஒன்று தென்பட்டது. கூராக, சாய்வாக. கத்தி முனையால் நெம்பிப் பார்த்த தடம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தத் தடத்தைப் பெட்டிகளில் எத்தனை பார்த்திருக்கிறேன்! முத்திரையை உடைக்காமல் கம்பியை மட்டும் உருவிவிட முடியுமா என்று திருடர்கள் முதலில் இப்படித்தான் நெம்புவார்கள்.

போர்ட்டரிடம் ஒரு மடக்குக் கத்தி உண்டு. தினைக் கதிரின் தாளை அதனால்தான் நறுக்குவார்.

மறுநாள் முத்திரையை வெளிப்பக்கம் தொங்கவிடாமல் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். வெளியிலிருந்து கத்தி எட்டக் கூடாது என்று யோசனை. மாலையில் பார்த்தால் கீறல் ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. இரண்டு முத்திரை போட்டேன். இரண்டிலும் கீறல். ஓரமே தேய்ந்துபோயிருந்தது. கம்பி இடுக்கு வழியாகக் கத்தியை உள்ளே விட்டு நெம்புகிற அளவுக்கு ஒருவனுக்குத் துணிச்சல் இருந்தால், அவன் சாதாரண ஆள் இல்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பழசை வெட்டிவிட்டுப் புதுசு போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பறவை விசிலடிப்பதை நிறுத்தியது.

முதலில் கார்டுதான் சொன்னார். "என்ன சார், உங்க உதவி கார்டு லீவா?" அதன்பின்தான் எனக்கு உறைத்தது. எச்சம் கரும்பச்சையாக, தண்ணீராக இருந்தது. கொண்டை படிந்தே கிடந்தது, அது நிம்மதியால் படிந்த படிவு இல்லை. தினைக் கதிரைக் காலால் பிடிக்கப் போய் நழுவவிட்டது. ஒரு வாரத்தில் குச்சியில் உட்கார முடியாமல் கூண்டின் தரைக்கு வந்துவிட்டது. இடது கால் விரல்கள் மடங்கிக்கொண்டன.

தினையை நிறுத்தினேன். கீரையை நிறுத்தினேன். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினேன், குச்சியை மாற்றினேன். குச்சி அரளியா என்று பயந்து, நானே போய் வேப்பங்குச்சி வெட்டிவந்து வைத்தேன். வேம்பில் கெடுதல் இல்லை என்று தெரிந்தும் அதையும் முகர்ந்து பார்த்தேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்றினேன், என் கையால் போட்ட முத்திரைகளைத் தவிர.

போர்ட்டரை வரச்சொன்னேன்.

"கூண்டைத் திறந்து என்ன போட்டே?"

"நானுங்களா? மாதா சத்தியமா நா கூண்டத் தொட்டதில்லீங்க. நீங்க வாங்கித்தானுங்க உள்ள வெக்கறீங்க."

"கத்தியை எடு."

எடுத்துக் கொடுத்தார். முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முனை மழுங்கியிருந்தது. ஈயத்தை நெம்பி நெம்பித்தான் மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். கத்தி மழுங்குவதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்பது இன்று தெரிகிறது. அன்று ஒரே காரணம்தான் தெரிந்தது.

"பாவமுங்க, வாயில்லாத சீவன். அதுக்குப் போயி நா கெடுதி பண்ணுவனுங்களா?" என்றார். குரல் உடைந்தது. அவர் நடிக்கிறார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஜங்ஷனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிளிக்கூண்டைப் பற்றி எழுத முடியுமா? அதனால் அதை எழுதவில்லை. போன மாதம் ஒரு புளிப் பெட்டியில் ஒரு கூடை குறைவதாக மொரப்பூரிலிருந்து கேட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டேன். இந்த நிலையத்தில் முத்திரைகளைக் கத்தியால் நெம்பிப் பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர் இருப்பதாகச் சந்தேகிக்கிறேன் என்று எழுதி, போர்ட்டரின் பெயரைக் குறிப்பிட்டு, அவரை நிரந்தரமாக்கும் முன் தீர விசாரிக்க வேண்டும் என்று முடித்தேன். பொய் என்று ஒரு வரிகூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் தற்காலிக ஆளை விசாரிக்கவெல்லாம் மாட்டார்கள். மறு வண்டியிலேயே வேலையை விட்டு நீக்கிய உத்தரவு வந்துவிடும். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

கடிதத்தை மற்ற காகிதங்களோடு கித்தான் பையில் போட்டு, வாயை இறுக்கி, கம்பி கோத்து, ஈய முத்திரை போட்டேன். பிற்பகல் வண்டியின் கார்டிடம் சேர்க்க வேண்டிய பை. அதைச் சேர்ப்பது போர்ட்டரின் வேலை. அவர் கையிலேயே கொடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு போனார். வண்டி வர அரை மணி இருந்ததால் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்.

முற்றத்தில் மனைவி கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தரையை விட்டு எழாத பறவை, கம்பியை அலகால் கவ்விக் கவ்வி, உடம்பை இழுத்துக்கொண்டு கதவுவரை ஏறியிருந்தது. உள்பக்கம் தொங்கிய ஈய வில்லையை அலகுக்குள் வாங்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மெல்லக் கடித்தது. பிறகு திருப்பிக் கடித்தது. கூராக, சாய்வாக ஒரு கீறல் விழுந்தது. சுரண்டி எடுத்த துணுக்கை நாக்கால் உருட்டி விழுங்கியது.

வயிற்றுக்குள் போனால் ஈயம் விஷம் என்று எனக்குத் தெரியாததில்லை, பறவை அதைக் கடிக்கும் என்றுதான் ஒருநாளும் தோன்றவில்லை.

"ஒடம்பு முடியாட்டியும் அத வுட மாட்டேங்குது பாருங்க. ஒரு மாசமா அதுக்கு இதாங்க வெளையாட்டு" என்றாள் மனைவி.

"தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லலே?"

"நீங்கதானங்க தெனமும் புதுசு புதுசாக் கட்டி வுடறீங்க! கடிச்சு வெளையாடத்தான் கட்டறீங்கன்னு நெனச்சேன். அப்பறம் உள்பக்கமா வேற திருப்பிக் கட்டுனீங்க, பாவம் எட்டட்டும்னு செய்யறீங்களாக்கும், இந்த மனுசனுக்கும் இம்புட்டுப் பிரியமான்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கடிக்கிறதும் பார் என்று அந்த அம்மாள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. இடுக்கியை எடுத்து முத்திரைகளை வெட்டி எறிந்தேன். தூரத்தில் வண்டியின் சத்தம் கேட்டது. கையில் இடுக்கியோடு, செருப்பைக்கூட மாட்டாமல், பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

வண்டி வந்து நின்றிருந்தது. நாலைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கார்டு பெட்டி கடைசியில், போர்ட்டர் பையோடு அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் தோளிலிருந்து பையை இழுத்தேன். பதறிவிட்டார்.

"என்னாங்கய்யா? எதுனா தப்பாப் போச்சுங்களா?"

சரக்குக் கொட்டகையின் மறைவுக்குப் போய், பையைத் தரையில் வைத்து, இடுக்கியை முத்திரையில் வைத்தேன். கார்டுக்குச் சேர வேண்டிய பையின் முத்திரையை வழியில் உடைப்பது எங்கள் வேலையில் மன்னிப்பில்லாத குற்றம். அதைச் செய்வதாக ஒருவர்மேல் பழி எழுதி, அதே பைக்குள் வைத்திருக்கிறேன். அவர் எனக்கு எதிரே நிற்கிறார்.

"சீல ஒடைக்கறீங்களா?" என்றார், மூச்சுக் குரலில்.

வெட்டினேன். கடிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பை வாயை மறுபடி இறுக்கினேன். சட்டைப் பையில் ஒரு வில்லை இருந்தது. கம்பி முனைகளை அதன் துளைக்குள் நுழைக்கப் பார்த்தேன். விரல்கள் ஆடின ஆட்டத்தில் கம்பி நுழையவில்லை. கார்டு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். போர்ட்டர் குந்தி உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் தம் விரலால் சேர்த்துத் துளைக்குள் விட்டு, அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"அமுக்குங்க. நா ஒண்ணும் பாக்கலீங்க" என்றார்.

அமுக்கினேன்.

எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டவர் ஒரு நொடி தயங்கினார்.

"எம் பேரு அதுல இருந்துச்சுங்களா?"

"இல்லை" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்றுவிட்டு ஓடினார். அவர் பையைக் கொடுக்கவும் கார்டு விசில் ஊதவும் சரியாக இருந்தது.

கடிதத்தை அடுப்பில் போட்டேன். பறவை பிழைத்துக்கொண்டது, ஆனால் முழுசாக இல்லை. இடது கால் கடைசிவரை சரியாக விரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் பார்த்தது. அதன் கூண்டுக் கதவை ஒரு வேப்பங்குச்சியைச் செருகித்தான் மூடிவைத்தோம். முறுக்கு போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை. போர்ட்டர் அந்த வருஷமே நிரந்தரமானார். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு என்னையும் மனைவியையும் வந்து அழைத்தார், போனோம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். தெரியாமல் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது பிளாட்பாரத்தில் நடந்தது இல்லை, மறுநாள் காலை நடந்ததுதான். இனி அவர் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, கூண்டருகே உட்கார்ந்து பறவைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். கையில் இரண்டு தினைக் கதிர்.

"இப்பவாச்சுந் தெனை குடுக்கலாமுங்களா? பட்டினி கெடந்தா காலு எப்பிடித் தேறுமுங்க?" என்றார்.

நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் நாலு மணியை உதிர்த்துத் தேய்த்தார். உமியை ஊதினார். வாயில் போட்டுக்கொள்ளப் போனார்.

"வேண்டாம்" என்றேன். "வேண்டாங்க, கொடுங்க."

என் வாழ்க்கையில் அவரை முதல்முறையாக மரியாதை கொடுத்துக் கூப்பிட்டது அப்போதுதான். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. மணிகளை வாயில் போட்டு, எனக்கு எதிரே, வழக்கம்போல நிதானமாக மென்றார். விழுங்கினார். நான் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்தும் காட்டினார்.

"இருக்கட்டுமுங்க, பளக்கமாயிருச்சு" என்று சொல்லிவிட்டு, கதிர்களை என் கையில் வைத்தார்.